வாலில் உட்கார்ந்த புக்கரா

நீதியின் விலை எங்கள் ஊரில் ஒரு மிலானேசா சாண்ட்விச், அதாவது ரொட்டிக்குள் பொரித்த கறித் துண்டு. கூடவே ஒரு சோடா. தலைமை நடுவராக இருந்தால் பழப்பாகு வைத்த கேக்கில் ஒரு துண்டு கூடுதல். ஒன்பது வருஷமாக இந்த விலைக்குத்தான் நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமையையும், இரண்டு கண்களையும், குனிந்து குனிந்து தேய்ந்துபோன முதுகையும் விற்றுக்கொண்டிருக்கிறேன். மூன்று தலைமுறையாகத் துணி விற்ற எங்கள் குடும்பத்தில் இவ்வளவு மட்டமான வியாபாரம் யாரும் செய்ததில்லை.

எங்கள் ஊரான கார்டோபாவில், சான் விசென்தே பேட்டையின் கிளப்பில், கூடைப்பந்து மைதானத்தின் மேல் மடக்கு மேசைகளைப் போட்டு நடக்கும் பிளாஸ்டிக் மாதிரிப் போட்டி அது. டாங்கி, போர் விமானம், போர்க்கப்பல் எல்லாம் பெட்டிக்குள் நூறு இருநூறு துண்டுகளாக வரும். அதை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் அடித்து, சேறும் துருவும் புகைக்கறையும் பூசி எடுத்துக்கொண்டு வருவார்கள். உள்ளங்கை அகல டாங்கி ஒன்றுக்குப் பதினான்கு மாதம் செலவழித்த ஆளை எனக்குத் தெரியும். அந்தப் பதினான்கு மாதத்துக்குள் அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. எல்லாப் போட்டோவிலும் அவர் கட்டைவிரல் பச்சையாக இருக்கும். இப்படிப்பட்டவர்களிடம் போய், "உங்கள் மூன்றாவது சக்கரம் தரையில் படவில்லை" என்று சொல்வதுதான் நடுவர் வேலை. ஒன்பது வருஷத்தில் இரண்டு பேர் என் கடையில் துணி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

என் பெயர் நயீப் சலூப். அந்தப் பெயரை என் மனைவியும் வரி அலுவலகமும் மட்டும் பயன்படுத்துகிறார்கள். தாத்தா சிரியாவிலிருந்து வந்தவர். இங்கே சிரியாக்காரனும் லெபனான்காரனும் துருக்கியன் என்றுதான் அழைக்கப்படுவான். இல்லை, இல்லை என்று மூன்று தலைமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் நானே கடைப் பலகையில் 'துர்க்கோ' என்று எழுதிவைத்துவிட்டேன்.

போட்டியின் கணக்கு எளிது. நூறில் ஆரம்பித்து, குறை கண்ட இடத்திலெல்லாம் கழித்துக்கொண்டே வர வேண்டும். தொண்ணூறு நின்றால் தங்கம், எண்பது நின்றால் வெள்ளி, எழுபது நின்றால் வெண்கலம். ஒருவர் தங்கம் வாங்கினால் இன்னொருவருக்குக் குறையாது; எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். மாதிரியின் மேல் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும்தான். நடுவர்கள் பார்க்கும்போது செய்தவர் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். நடுவர்கள் மாதிரியைத் தொடக் கூடாது. இந்த மூன்று விதிகளில் கடைசி ஒன்றை மட்டும் எல்லாரும் மதிக்கிறோம். எந்த எண் யாருடையது என்று வாசலில் பானம் விற்பவருக்குக்கூடத் தெரியும்.

இந்த வருஷம் எனக்கு வந்த வினையின் எண் நாற்பத்தேழு. அதன் சொந்தக்காரர் டெல்ஃபோர் குவாலியோத்தி. வயது எழுபத்தொன்று. பல்செட் செய்து ஓய்வு பெற்றவர். சான் விசென்தேயில் பாதிப் பேர் அவர் செய்து கொடுத்த பல்லில்தான் இன்றைக்கும் கறி மெல்லுகிறார்கள். அவர் வீட்டின் பின்பக்கத்தில் பழைய பல்செட் பட்டறை இருக்கிறது. பதினைந்து வருஷமாக அதுதான் எங்கள் சங்கத்துக்கு அறை. பதினான்கு பேர் வியாழக்கிழமை தோறும் அங்கே கூடுவோம். நீள மேசை, நல்ல வெளிச்சம், பெயிண்ட் வாடையை வெளியே தள்ளும் விசிறி, முகம் சுளிக்காத அவர் மனைவி நேலிதா. எங்களில் பாதிப் பேருக்கு அவரவர் வீட்டில் பசைக் குப்பியைத் திறக்க அனுமதி இல்லை. அந்த அறை போனால் சங்கமும் போனது.

டெல்ஃபோரிடம் பதினோரு வெள்ளிப் பதக்கங்கள் இருக்கின்றன. தங்கம் ஒன்றுகூட இல்லை. போட்டிக்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை, மாத்தே என்னும் மூலிகைப் பானம் ஒரே குடுவையில் கை மாறிக் கை மாறி வந்துகொண்டிருந்தபோது அவர் வாயைத் திறந்தார்.

"இந்தத் தடவையும் வெள்ளின்னா ரூமைப் பூட்டிடறேன். நேலிதா ரொம்ப நாளா அங்க ஒரு உடற்பயிற்சி சைக்கிள் வாங்கிப் போடணும்னு கேட்டுக்கிட்டிருக்கா."

"தோன் டெல்ஃபோர், தலைமை நடுவர் என் முன்னாடியே மிரட்டறீங்களே," என்றேன். 'தோன்' என்பது இங்கே பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்.

"மிரட்டலை. தகவல் சொல்றேன். பன்னண்டாவது வெள்ளியைச் சுவத்துல மாட்டி வச்சுக்கிட்டு, வாரா வாரம் உங்க பதினாலு மூஞ்சியையும் பாக்க எனக்குத் தெம்பு இல்லை. அந்த மாத்தேயைக் குடிச்சிட்டு இந்தப் பக்கம் தள்ளு, துர்க்கோ. அது மைக் இல்லை, பிடிச்சுக்கிட்டே பேச."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று நேலிதாவிடம் தனியாக விசாரித்தேன். அந்த அம்மாள் மேசை இழுப்பறையைத் திறந்து, சைக்கிள் கடையின் விலைச்சீட்டை எடுத்துக் காட்டினார். அறையின் நீள அகலம் அதன் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்திருந்தது.

நாற்பத்தேழு என்பது ஒரு புக்கரா. எங்கள் ஊரிலேயே பிறந்த இரட்டை எஞ்சின் போர் விமானம். நீண்ட மூக்கு, உயரமான கால்கள். தரையில் நிற்கும்போது கோபித்துக்கொண்ட கொசு மாதிரி இருக்கும். இதன் பிளாஸ்டிக் மாதிரிக்கு ஒரு பிறவி வியாதி உண்டு: பின்கனம். மூக்கை ஒட்டி மூடுவதற்கு முன்னால் உள்ளே ஏதாவது பாரம் வைக்காவிட்டால், முன்சக்கரம் காற்றில் தொங்க, வாலை ஊன்றி உட்கார்ந்துவிடும். இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது இதை மறந்து, வண்ணமெல்லாம் அடித்து முடித்த பிறகு நாலு கெட்ட வார்த்தை கற்றுக்கொள்வார்கள். டெல்ஃபோர் புதியவர் அல்ல. தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை மூக்குக்குள் வைத்துத்தான் மூடியிருந்தார். இரண்டு வருஷ வேலை. இந்தத் தடவை தங்கம் என்பதில் எனக்கே சந்தேகமில்லை.

சனிக்கிழமை காலை என் வேனில் அவரை ஏற்றிக்கொண்டேன். பின்னால் துணி மூட்டைகள். முன்னால் அவர், மடியில் பெட்டி, பெட்டியைச் சுற்றி இரண்டு கைகள். கிளப்புக்கு இரண்டு தெரு இருக்கும்போது ஒரு நாய், அவசரமே இல்லாமல், தெருவைக் கடந்தது. பிரேக்கை மிதித்தேன். பெட்டிக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம்.

டெல்ஃபோர் பலமாக இருமினார். நான் அதைவிடப் பலமாகக் கால்பந்து பேச ஆரம்பித்தேன்.

கேட்டிருக்கலாம். சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வளர்ந்த கடையில், வாங்க வந்தவர் காணாத ஓட்டையை அவருக்கு யாரும் விரல் வைத்துக் காட்டியதில்லை. பழக்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. கிளப்பில் பெட்டியைத் திறந்தார். மர அடிப்பலகையின் மேல் புக்கரா மூன்று சக்கரங்களிலும் கம்பீரமாக நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சைப் பத்திரமாக வைத்திருந்திருக்க வேண்டும்.

மதியம் மூன்று மணி. தகரக் கூரை. வெளியே முப்பத்தெட்டு டிகிரி, உள்ளே எவ்வளவு என்று பார்க்க யாருக்கும் தைரியமில்லை. என்னோடு இரண்டு நடுவர்கள். ஒருவர் கிராசியேலா யோர்லானோ, கணக்கு டீச்சர், டாங்கி செய்பவர். சலுகை என்ற சொல்லே தெரியாத பெண்மணி. சொந்தத் தம்பிக்கு அறுபத்தொன்பது போட்டு, ஒரு மதிப்பெண்ணில் வெண்கலத்தைத் தடுத்தவர். அடுத்த இரண்டு கிறிஸ்துமஸுக்கு அந்தத் தம்பி வரவில்லை. இன்னொருவர் இஞ்சினியர் பவுதாசோ. கையில் அளவுமானி, கக்கத்தில் வரைபடக் கட்டு. இறக்கையில் எத்தனை ஆணி என்று எண்ணுகிற ரகம். நான் வெயில் என்றால் மழை என்பார். மழை பெய்து நான் மழை என்றால், அது தூறல் என்பார்.

நாற்பத்தேழுக்கு வந்தோம். வண்ணத்தில் இரண்டு கழிந்தது, வலது எஞ்சினின் புகைக்கறை கொஞ்சம் அதிகம். ஸ்டிக்கரில் ஒன்று, வால் எண்ணின் ஓரத்தில் மினுமினுப்பு. அடிப்பலகையில் இரண்டு, விமானத்தின் பக்கத்தில் வைத்திருந்த குட்டி மெக்கானிக் பொம்மை, குடித்துவிட்டு வந்தவன் போல் சாய்ந்திருந்தது. கட்டுமானத்துக்கு வந்ததும் பவுதாசோ இடது எஞ்சினின் விசிறி முன்னால் கால்மணி நேரம் குந்தியிருந்தார்.

"மூணு இலையில ஒண்ணு மத்த ரெண்டைவிட ஒரு மயிரிழை கூடுதலா திரும்பியிருக்கு. ஒண்ணு கழி."

"எந்த இலை?"

"பாத்தா தெரியாது. அளந்தா தெரியும்."

சரி, ஒன்று. ஆறு போனால் தொண்ணூற்று நான்கு. பேனாவை மூடப் போனேன். அப்போது கிராசியேலா டார்ச்சை எடுத்துக் குனிந்தார். அவருடைய முழங்கை மேசையில் அழுந்தியது. மடக்கு மேசைக்கு ஒரு கால் குட்டை. மடித்த அட்டையைத்தான் அடியில் வைத்திருந்தார்கள். மேசை கொஞ்சம் சாய்ந்தது. புக்கராவின் வயிற்றுக்குள் என்னவோ உருண்டது. 'டக்.' மூக்கு மெல்ல மேலே எழும்பியது. விமானம் வாலை ஊன்றிச் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அதுவும் எங்களைப் பார்த்தது.

"உக்காந்துடுச்சு," என்றார் கிராசியேலா.

"நான் பாத்தப்போ நின்னுக்கிட்டிருந்தது," என்றார் பவுதாசோ.

"இப்போ உக்காந்திருக்கு."

"எந்தக் கோணத்துலேருந்து..." என்று பவுதாசோ எதிர்ப்பக்கம் போய், மேசையில் கையை ஊன்றிக் குனிந்தார். உள்ளே குண்டு உருண்டது. 'டக்.' விமானம் எழுந்து நின்றது. "இதோ, நிக்குதே!"

"கையை எடுங்க, இஞ்சினியர்."

எடுத்தார். உட்கார்ந்தது.

"கையை வைங்க."

வைத்தார். நின்றது.

"எங்க ஸ்கூல்ல ஏழாம் வகுப்புப் பசங்க இதைவிட ஒழுங்கா நிப்பாங்க," என்றார் கிராசியேலா. "அஞ்சு."

விதித்தாளில், நிலைகொள்ளாத மாதிரிக்கு ஒன்று முதல் ஐந்து வரை கழிக்கலாம் என்று இருக்கிறது. தொண்ணூற்று நான்கில் நான்கு போனால் தொண்ணூறு, தங்கம். ஐந்து போனால் எண்பத்தொன்பது. வெள்ளி, பூட்டு, சைக்கிள். ஒரு மதிப்பெண்ணின் மேல் பதினான்கு பேர் நின்றுகொண்டிருந்தோம், அந்தப் புக்கராவைப் போலவே.

என் அப்பா ஒரு துணியைத் தள்ள வேண்டுமென்றால் முதலில் அதைத் திட்டுவார். "இதைத் தொடாதீங்கம்மா, இது உங்களுக்கு வேண்டாம், மட்டம்" என்பார். வந்த அம்மாள் உடனே, "ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்று அந்தத் துணிக்கு வக்கீலாக மாறிவிடுவாள். எதிர்ப்பேச்சுப் பேசவே பிறந்த பவுதாசோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு வழி யோசிப்பானேன்?

"அஞ்சு எதுக்கு, டீச்சர்? பத்து கழிக்கணும்," என்றேன் உரக்க. "இது ஒரு விமானமா? மூக்கை மூடத் தெரியாதவன் எதுக்கு இந்த வேலைக்கு வரான்? இதை வெளியில எடுத்து வைக்கச் சொல்லுங்க."

பவுதாசோவின் மீசை விறைத்தது. "பத்துன்னு விதியிலேயே இல்லை."

"விதி கிடக்கட்டும். மூக்கைப் பாருங்க, கண்றாவி."

"நீ பாத்தியா முதல்ல? துணி பாக்கற கண்ணை வச்சுக்கிட்டுப் பேசாதே. இந்த மூக்கு ரெண்டு பாதியா வரது. நடுவுல ஒட்டின கோடு எங்கே? காட்டு!"

டார்ச்சை அடித்தேன். கோடு இல்லை. பல் டாக்டர் கண்ணாடியை அடியில் நுழைத்துப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. கிராசியேலா தன் பூதக்கண்ணாடியை எடுத்தார், கண்ணாடிக்கு மேல் கண்ணாடி. ஒட்டியது என்ற அடையாளமே கிடையாது. முட்டை ஓடு மாதிரி வழவழவென்று ஓடியது அந்த மூக்கு. நான் ஆயிரம் மாதிரிகளாவது பார்த்திருப்பேன். இப்படி ஒன்று பார்த்ததில்லை.

"இதுக்குப் போய்ப் பத்து கழிக்கணும்கறான் துர்க்கோ," என்றார் பவுதாசோ. "ரெண்டு. அதுக்கு மேல விடமாட்டேன்."

"அஞ்சு," என்றார் கிராசியேலா.

"எட்டு," என்றேன் நான், மனசுக்குள் இனிப்பு தின்றுகொண்டு.

"உனக்கு அந்த ஆள்மேல ஏதோ கோபம். அதான்," என்றார் பவுதாசோ. "டீச்சர், நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?"

அப்புறம் இருபது நிமிஷம். நான் ஏழுக்கு இறங்கினேன், முனகிக்கொண்டே ஆறுக்கு வந்தேன். பவுதாசோ இரண்டரை என்றார். அரை கிடையாது என்றார் கிராசியேலா. அவர் நான்கு என்றபோதே என் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் சூடு பிடித்த பேரத்தைப் பாதியில் விடக் கை வரவில்லை. கடைசியில் மூன்று. தொண்ணூற்றொன்று. தங்கம். தாளில் பென்சிலால் எழுதினேன். மை பூச வேண்டியதுதான் பாக்கி.

நடுவர் பகுதிக்கும் சிற்றுண்டிப் பகுதிக்கும் நடுவில் ஒரு திரை உண்டு. என் கடைத் துணி, நான் கொடுத்த நன்கொடை. நன்கொடைக்கு யாராவது நல்ல துணி கொடுப்பார்களா? காற்று, வெளிச்சம், பேச்சு எல்லாம் அதில் தாராளமாகப் போய் வரும். அந்தத் திரை விலகியது. கயிற்றைத் தாண்டி டெல்ஃபோர் வந்தார். அவர் முகம் மிளகாய்ப் பழமாக இருந்தது.

"மூக்கை மூடத் தெரியாதவன்னு சொன்னது யாருடா?"

"ஐயா, நீங்க யாரு?" என்றார் பவுதாசோ விறைப்பாக. "நாப்பத்தேழு யாருதுன்னு நடுவர்களுக்குத் தெரியக் கூடாது. வெளியே போங்க."

"நான் யாருன்னு உன் மேல்வரிசைப் பல்லைக் கேளு. அதுக்குத் தெரியும்."

பவுதாசோ வாயை மூடிக்கொண்டார். நான் டெல்ஃபோரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"தோன் டெல்ஃபோர், கொஞ்சம் சும்மா இருங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. போய் ஒரு சோடா குடிங்க."

"எட்டு கழின்னு சொன்னியே! என் காதால கேட்டேன். பதினஞ்சு வருஷம் என் மேசையில உக்காந்து, என் வெளிச்சத்துல ஒட்டிப் பழகினவன் நீ!" என்று மேசையைக் குத்தினார். டக். உட்கார்ந்தது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "சரி, கேளுங்க எல்லாரும். தப்பு என்னுதுதான். காலைல ஒரு நாய் குறுக்க வந்துது, பிரேக் போட்டேன், உள்ள டக்குன்னு கேட்டுது. குண்டு கழண்டுடுச்சுன்னு எனக்குத் தெரியும். வாயைத் திறக்கலை. போதுமா?"

டெல்ஃபோர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு மட்டும் காது செவிடா? நான் ஏன் இருமினேன்னு நினைச்சே?"

"தூசின்னு."

"அது புதன்கிழமையே கழண்டுடுச்சு, மடையா."

மூன்று பேரும் அவரைப் பார்த்தோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குண்டைப் பல்செட் மெழுகுல பதிச்சு வச்சேன். ரோஸ் கலர் மெழுகு. நாப்பது வருஷமா அதுதான் எனக்குப் பசை, ஆணி எல்லாம். பட்டறையில எந்நேரமும் குளிர்சாதனம் ஓடும். ரெண்டு வருஷம் கெட்டியாத்தான் இருந்தது. புதன்கிழமை அந்த மெஷின் ரிப்பேர். சாயங்காலம் பெட்டியில வைக்கத் தூக்கறேன், கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வருது."

பல் கட்டுகிறவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. எங்கள் சங்கத்தில் சேர்ந்து ஒரு மாதமான ஆளுக்குக்கூடத் தெரியும், பாரத்தை எப்பாக்ஸிப் பசையில் புதைக்க வேண்டும் என்று.

"மூணு நாள் இருந்ததே," என்றார் கிராசியேலா. "மூக்கைத் திறந்து, சரியாப் பதிச்சு, மறுபடி மூடியிருக்கலாம். ஒட்டுத் தெரிஞ்சா ஒண்ணோ ரெண்டோ போயிருக்கும், அவ்வளவுதான். தங்கம் கையில இருந்திருக்கும்."

"கணக்கு எனக்கும் தெரியும், டீச்சர்." டெல்ஃபோர் குனிந்து, விரலால் அந்த மூக்கின் மேல், படாமல், ஒரு கோடு இழுத்தார். "ஒட்டு எங்கன்னு காட்டுங்க."

கிராசியேலா பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டார்.

"நாப்பது வருஷம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல கோடு தெரியாம ஒட்டணும்னு பாத்தேன். ஒருத்தர் வாயிலயும் இப்படி அமையலை. மேயர் வந்து கேட்டாரு, அவருக்கும் அமையலை. இதுல அமைஞ்சுது. எப்படி அமைஞ்சுதுன்னு எனக்கே தெரியாது. ரம்பத்தைக் கையில எடுத்தேன், வியாழக்கிழமை காலைல, மத்தியானம், சாயங்காலம். இதைப் போய் அறுக்கவா? நின்னா நிக்கட்டும், மூணு மணி நேரம் மானத்தைக் காப்பாத்தட்டும்னு விட்டுட்டேன்."

பவுதாசோ அளவுமானியை உறையில் போட்டார்.  நல்ல நிமிஷம்தான். அதோடு எழுந்து போயிருந்தால் இந்நேரம் எல்லாரும் சௌக்கியம். ஆனால் டெல்ஃபோரின் கண் மேசையிலிருந்த தாளின் மேல் விழுந்தது.

"இது என்ன, மூணு?"

"ஒண்ணுமில்லை," என்று தாளைக் கவிழ்த்தேன். நிமிர்த்தினார்.

"முழுசா வாலை ஊன்றி உக்காந்துட்டா அஞ்சு. நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். மூணுன்னு யார் போட்டது?"

மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

"ஏன்டா மிதிக்கறே?"

"தோன் டெல்ஃபோர், தொண்ணூத்தொண்ணு. தங்கம். புரியுதா? த-ங்-க-ம். பன்னண்டு வருஷம். போய்ச் சோடா குடிங்க."

"ஓ!" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது, தப்பான விதத்தில் புரிந்தது. "திட்டறாப்பல திட்டி, பேரம் பேசி, எனக்கு ரெண்டு மார்க் பிச்சை வாங்கியிருக்கே. கத்தரிக்காய் வாங்கற மாதிரி. அந்தத் தங்கத்தை நான் எங்க மாட்டறது, கக்கூஸ்லயா? டீச்சர், உங்க பேனா எங்க? போடுங்க அஞ்சு."

"டெல்ஃபோர், யோசிச்சு..." என்றார் பவுதாசோ. பவுதாசோவே சொன்னார், அதைக் கவனிக்க வேண்டும்.

"போடுங்க!"

கிராசியேலா பென்சில் மூன்றை அழித்து, மையில் ஐந்து எழுதினார். அந்தப் பெண்மணியின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. இருபது நிமிஷப் பேரம், என் வாழ்நாளின் மிகச் சுத்தமான பேரம். அதை யாருக்காகச் செய்தேனோ அவரே நடுத்தெருவில் போட்டு உடைத்துவிட்டார். கடையில் இப்படி ஒருவர், "இல்லப்பா, நான் கூடத் தரேன்" என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை.

டெல்ஃபோர் தாளை வாங்கி, கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டினார்.

"எண்பத்தொம்பதா?"

"அஞ்சு போட்டா அவ்வளவுதான் வரும்," என்றேன்.

"அஞ்சு நியாயம். அதைச் சொல்லலை. இது என்ன, இடது விசிறிக்கு ஒண்ணு?"



"இலை ஒரு மயிரிழை கூடுதலா திரும்பியிருக்கு," என்றார் பவுதாசோ, அளவுமானியை மறுபடி உறையிலிருந்து உருவிக்கொண்டு.

"எந்த இலை?"

"அளந்தாத்தான் தெரியும்."

"அளக்கறவன் கை நடுங்கினா இலை திரும்பாம என்ன பண்ணும்? மூணும் ஒரே அச்சுல திருப்பி ஒட்டினேன். அந்த ஒண்ணைத் திருப்பிக் குடு!"

"மையில எழுதியாச்சு."

"அது பென்சில்தான்!"

"விசிறி மையிலதான் எழுதியிருக்கு. பாருங்க."

பார்த்தார். மைதான். அடுத்த ஒரு மணி நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. வரைபடங்கள் தரையில் விரிக்கப்பட்டன. தொட உரிமையுள்ள ஒரே ஆளான டெல்ஃபோர் விமானத்தைத் தூக்கிப் பிடிக்க, பவுதாசோ நான்கு தடவை அளந்தார். நான்கு தடவையும் வெவ்வேறு எண் வந்தது. இருவரும் நான்கையும் தங்களுக்குச் சாதகமாக வாசித்தார்கள். குண்டு முன்னும் பின்னும் டக் டக்கென்று உருண்டுகொண்டே இருந்தது. மீதி இருபத்தாறு மாதிரிகள் நடுவர்களுக்காகக் காத்திருந்தன. கயிற்றுக்கு வெளியே அவற்றின் சொந்தக்காரர்கள் கைதட்டி, விசிலடித்து, பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிராசியேலா என் கேக்கைத் தின்றுவிட்டார்.

"கடைசியாக் கேக்கறேன். அந்த ஒண்ணைத் தருவியா மாட்டியா?" என்றார் டெல்ஃபோர்.

"மாட்டேன்," என்றார் பவுதாசோ.

"அப்போ வியாழக்கிழமை எட்டு மணிக்கு ரூமுக்கு வா. இந்த மானியை எடுத்துட்டு வராதே, நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வா. அன்னிக்கு முடியலைன்னா அடுத்த வியாழக்கிழமை. உன் வாயாலேயே அந்த ஒண்ணைக் குடுக்க வைக்காம விடமாட்டேன்."

"ரூமைப் பூட்டறதா சொன்னீங்களே?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"பூட்டிட்டு எங்க உக்காந்து சண்டை போடறது? உன் வேன்லயா?" என்றார்.

நேலிதாவுக்கு இன்னும் சைக்கிள் வரவில்லை. எங்கே பார்த்தாலும் அந்த அம்மாள் என்னிடம் பேசுவதில்லை. திரைத்துணி வாங்க வேறு கடைக்குப் போகிறாராம். ஏழு வியாழக்கிழமைகள் போய்விட்டன. விசிறியை மூன்று மானிகளால் அளந்தாயிற்று. இந்த ஏழு வாரத்தில் பதினான்கு பேரில் ஒருவராவது ஒரு துண்டையாவது ஒட்டியிருப்பாரா என்பது சந்தேகம். மதிப்பெண் தாள் பன்னிரண்டாவது வெள்ளிக்குப் பக்கத்தில், நான்கு மூலையிலும் ஆணி அடித்து, சுவரில் தொங்குகிறது:

கட்டுமானம், நாற்பதுக்கு முப்பத்து நான்கு.
வண்ணம், முப்பதுக்கு இருபத்தெட்டு.
ஸ்டிக்கர், பதினைந்துக்குப் பதினான்கு.
அடிப்பலகையும் மொத்தத் தோற்றமும், பதினைந்துக்குப் பதின்மூன்று.
ஆக எண்பத்தொன்பது.

அதன் கீழே, சிவப்பு மையில், டெல்ஃபோரின் கையெழுத்து: பவுதாசோ தர வேண்டிய பாக்கி, ஒன்று.